உங்களுக்குத் தெரியுமா? வாக்கு முடிவாகும் இடம்

ஒரு வட்டாரத்துக்குள் எத்தனை ஊர்!

கொச்சி மட்டாஞ்சேரியைச் சேர்ந்த கொச்சங்காடியில் 1344ஆம் ஆண்டு யூதர்கள் ஒரு தொழுகைக்கூடம் கட்டினார்கள். கட்டடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலய வளாகத்தில் பத்திரமாக இருக்கிறது. கொச்சங்காடியிலேயே செம்பிட்டப் பள்ளி என்ற மிகப் பழைய பள்ளிவாசலும் உண்டு. மட்டாஞ்சேரிக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் கொங்கணிகளின் திருமலை தேவஸ்வம் கோயில், குஜராத்திகளின் தெரு, சமணக் கோயில், கச்சி மேமன்களின் பள்ளிவாசல் என்று வரிசையாக வரும். காயல்பட்டினத்தைப் பூர்விகமாகச் சொல்லும் நைனா குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார்களின் வழிவந்தவர்கள் ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் இன்றும் அதே தொழிலைச் செய்கிறார்கள்.

இவர்கள் எல்லோரும் தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வரிசையில் நிற்கிறார்கள். பொத்தானை அழுத்தும் விரலுக்கு வழி சொல்வது வேட்பாளரா, கொள்கையா, பிறந்த வீடா, வேலை பார்க்கும் இடமா? அமெரிக்காவில் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதைக் கேட்டு ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டுபிடித்தவற்றை இந்தக் கடற்கரையில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

மே மாதமே முடிவு

1940இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஈரி என்ற மாவட்டத்துக்குப் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய ஆய்வுக்குழுவும் போனார்கள். ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதிய அதிபர் தேர்தல் ஆண்டு அது. சுமார் 600 வாக்காளர்களை மே முதல் நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்து, யாருக்கு வாக்கு, ஏன், மனம் மாறியதா என்று கேட்டார்கள். பிரசாரம் மனத்தை எப்படி மாற்றுகிறது என்று காண்பதே நோக்கம். கிடைத்த விடையோ வேறு. ஏறக்குறைய பாதிப் பேர் பிரசாரம் சூடுபிடிப்பதற்கு முன்பே, மே மாதத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியவர்கள் மிகச் சிலர்.

மதம், வசதி, குடியிருப்பது நகரமா கிராமமா என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் ஒருவருடைய வாக்கைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட முடிந்தது. வசதியான, கிராமத்துப் புராட்டஸ்டன்ட் என்றால் குடியரசுக் கட்சி. ஏழை, நகரத்துக் கத்தோலிக்கர் என்றால் ஜனநாயகக் கட்சி. நம் ஊர் டீக்கடையில் பூத் ஏஜென்ட் விரல்விட்டுப் போடும் கணக்கும் இதே வகைதான். அதற்கு ஆய்வு என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

அப்பா கொடுத்த கட்சி

இருபது ஆண்டு கழித்து, 1960இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் நால்வர் ‘தி அமெரிக்கன் வோட்டர்’ என்ற நூலை வெளியிட்டார்கள். கட்சி என்பது பெரும்பாலோருக்கு ஆராய்ந்து தேர்ந்தெடுத்த ஒன்றாக இல்லை. சிறு வயதில் பெற்றோரிடமிருந்து வந்து மனத்தில் வேர்விட்ட பற்று. வேட்பாளரையும் செய்தியையும் விலைவாசியையும் அந்தப் பற்றின் வழியாகவே பார்க்கிறார்கள் என்றது அந்நூல். இன்றுவரை தேர்தல் ஆய்வின் அடிப்படை நூல்களில் ஒன்று அது.

தோற்றபோது கூடிய வாக்கு

மிச்சிகன் நூல் வந்த அதே 1960இல் கேரளம் ஒரு சான்றைக் கண்ணெதிரே வைத்தது.

1957இல் கம்யூனிஸ்ட் கட்சி 126 இடங்களில் 60ஐப் பிடித்தது. சுயேச்சைகள் துணையோடு ஏப்ரல் 5ஆம் தேதி ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு முதல்வரானார். நிலச் சட்டமும் கல்விச் சட்டமும் வந்தன. கத்தோலிக்கத் திருச்சபையும் மன்னத்து பத்மநாபனின் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் முஸ்லிம் லீக்கும் காங்கிரசும் சேர்ந்து ஆட்சிக்கு எதிராக விமோசன சமரம் (விடுதலைப் போராட்டம்) நடத்தின. 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது. 1960இல் மறு தேர்தல். எண்பது விழுக்காட்டுக்கும் மேல் வாக்குப்பதிவு. கம்யூனிஸ்டுகளின் இடங்கள் 30க்கும் கீழே இறங்கின.

இதுவரை எல்லோரும் அறிந்த கதை. அதிகம் பேசப்படாத பகுதி இனிமேல்தான். 1957இல் 35 விழுக்காட்டை ஒட்டியிருந்த அக்கட்சியின் வாக்கு 1960இல் 39 விழுக்காடாக உயர்ந்தது! சமுதாய அமைப்புகள் பலவும் எதிர்த்து நின்ற நேரத்தில், ஆட்சி பறிபோன பிறகு, வாக்கு கூடியிருக்கிறது. எதிர்ப்பக்கம் ஒன்றாகத் திரண்டதால் இடங்கள் போயின. கட்சியின் பக்கம் நின்றவர்களோ இன்னும் இறுகினார்கள். கேரளத்தின் இரண்டு முன்னணி அரசியலுக்கு அடித்தளம் அந்த இறுக்கம்தான்.

தமிழ்நாட்டுக் கணக்கு

1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் நடந்த சட்டமன்றத் தேர்தலில் திமுக வென்றது 2 இடங்கள். வாக்கு சுமார் 22 விழுக்காடு. 1996இல் அதிமுக மீது மக்களின் கோபம் உச்சத்தில் இருந்தபோது அது வென்றது 4 இடங்கள். வாக்கு சுமார் 21 விழுக்காடு. ஐந்தில் ஒரு வாக்காளர், எந்தப் புயலிலும் தன் கட்சியை விடவில்லை.

ஆலயப் படியில் ஒரு வழக்கறிஞர்

ஆபிரகாம் பராக் சேலம் மட்டாஞ்சேரி யூதர். 1882இல் பிறந்தவர், சென்னைக்குப் போய்ச் சட்டம் படித்தவர். அடிமை வழியில் வந்தவர்கள் என்று சொல்லி அவருடைய பிரிவினரைப் பரதேசி ஆலயத்தில் சமமாக உட்காரவிடவில்லை. அவர் காந்திய வழியில் ஆலயத்திலேயே சத்தியாகிரகம் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தடைகள் தளர்ந்தன. யூத காந்தி என்ற பெயரும் வந்தது.

1925இல் கொச்சி சமஸ்தானத்தில் சட்டமன்றம் அமைந்தபோது அதில் யூதர்களின் பிரதிநிதியாக அமர்ந்தவர் சேலம். தம் சமுதாயத்துக்குக் கிடைத்த இருக்கை அது. ஆனால் அவர் பேசியது தொழிலாளர்களுக்காகவும்தான். எர்ணாகுளத்தில் அவர் கூட்டம் போட்டுப் பேசிய மேட்டுக்கே அவர் பெயர் வழங்கியது. பிறந்த இடம் ஒருவரை அடைத்து வைக்கும் என்பவர்கள் சேலத்தின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும். அவமதிக்கப்பட்ட பிறப்பே அவருக்கு மற்றவர்களின் அவமானத்தைக் காட்டிக்கொடுத்தது.

மூன்று சமுதாயம், ஒரு கோரிக்கை

1932இல் திருவிதாங்கூரில் ஈழவர், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் மூவரும் சேர்ந்து சட்டமன்றத்தில் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் கேட்டு நிவர்த்தன இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1935இல் அதன் தலைவர் சி. கேசவன் சிறைக்குப் போனார். பிற்காலத்தில் அவர் திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சர். சமுதாய அரசியல் என்றாலே பிரிவினை என்று நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது.

பக்கத்துத் தெரு, வேறு மாநிலம்

மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவின் ஆளுகையில் இருந்தது. அடுத்திருக்கும் ஃபோர்ட் கொச்சி வெள்ளைக்காரர்களிடம். மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பிரிவு தொடர்ந்தது. 1951–52 பொதுத் தேர்தலில் மட்டாஞ்சேரிக்காரர் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்கு வாக்களித்தார். நடந்து போகும் தூரத்தில் இருந்த ஃபோர்ட் கொச்சிக்காரர் சென்னைச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தார். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோதுதான் இருவரும் ஒரே மாநிலத்து வாக்காளர் ஆனார்கள். இரண்டு நகராட்சிகளும் எர்ணாகுளத்தோடு சேர்ந்து கொச்சி மாநகராட்சி ஆனது இன்னும் பிந்தி, 1967 நவம்பர் 1 அன்று.

சென்னையில் பிறந்த கட்சி

கேரள அரசியலில் அசைக்க முடியாத இடம் பெற்ற இந்திய யூனியன் முஸ்லிம் லீக், 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் தொடங்கப்பட்டது. தலைவர் திருநெல்வேலிக்காரரான காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில். 1962, 1967, 1971 என்று மூன்று முறை மஞ்சேரி மக்கள் இந்தத் தமிழரை மக்களவைக்கு அனுப்பினார்கள். மொழி வேறு, ஊர் வேறு. சமுதாயமும் கட்சியும் சேர்ந்த இடத்தில் மற்ற வேறுபாடுகள் பின்னுக்குப் போயின.

எறிந்த வில்லை, எழுந்த யூனியன்

மட்டாஞ்சேரியின் அரசியலை மதத்தை மட்டும் வைத்துப் படித்தால் பாதிதான் புரியும். மீதி துறைமுகத்தில் இருக்கிறது.

கொச்சித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு ‘சாப்பா’ என்றொரு முறை இருந்தது. காலையில் வேலை தேடி வந்து நிற்கும் கூட்டத்துக்கு நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசி எறிவார். முட்டி மோதி, ஒருவரையொருவர் தள்ளி, வில்லையைக் கைப்பற்றியவருக்கு அன்றைக்குக் கூலி. கிடைக்காதவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். பசியோடு நிற்பவனைப் பசியோடு நிற்கும் இன்னொருவன் மேல் பாயவிட்ட முறை அது. மனிதனை இப்படி நடத்தியதை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது.

இதை ஒழிக்கத் தொழிலாளர்கள் யூனியன்களில் திரண்டார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்தப் போராட்டத்தில் சைது, சைதாலவி, அந்தோணி என்ற மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இருவர் முஸ்லிம்கள், ஒருவர் கிறித்தவர். மூன்று பெயரையும் தொழிற்சங்கக்காரர்கள் இன்றும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். கே. எம். சிதம்பரன் இதை நாடகமாக எழுதினார். அதுவே 2023இல் ‘துறமுகம்’ என்ற மலையாளத் திரைப்படமாக வந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் தனித்தனியாகக் கூடியவர்களைத் துறைமுகத்தின் கூலி ஒன்றாக்கியது. வீட்டுக்கு வெளியே இன்னொரு பற்று உருவாகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பக்கமும் இழுத்தால்?

லாசர்ஸ்ஃபெல்ட் குழு கண்ட இன்னொரு விஷயம் இங்கே பொருந்தும். மதம் ஒரு கட்சிக்கும் வருமானம் இன்னொரு கட்சிக்கும் இழுத்த வாக்காளர்கள் முடிவைத் தள்ளிக்கொண்டே போனார்கள். சிலர் அரசியலில் ஆர்வமே இழந்தார்கள். மட்டாஞ்சேரியில் குடும்பம் லீக், வேலை செய்யும் இடத்தில் சிவப்புக் கொடி யூனியன் என்று இருப்பவரின் நிலை இதுதான். குடும்பமும் கட்சியும் தெருவும் ஒரே திசையில் இருப்பவருக்கு யோசிக்க வேண்டிய தேவை வருவதில்லை. இழுபடுகிறவர்தான் யோசிக்கிறார். தேர்தலைத் தீர்மானிப்பவரும் பல நேரம் அவரே. 2011 கேரளத் தேர்தலைப் பாருங்கள்: காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முன்னணிக்கு 72, மார்க்சிஸ்ட் கட்சி தலைமையிலான இடது முன்னணிக்கு 68. இரண்டின் வாக்குக்கும் இடைவெளி ஒரு விழுக்காடுகூட இல்லை.

கொள்கை மாறினால் கருத்தும் மாறுமா?

2003இல் ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஏழைகளுக்கான இரண்டு உதவித் திட்டங்கள். ஒன்று தாராளமானது, மற்றொன்று கஞ்சத்தனமானது. கட்சிப் பெயர் இல்லாமல் காட்டியபோது மாணவர்கள் தங்கள் சாய்வுக்கு ஏற்ற திட்டத்தை விரும்பினார்கள். இது எங்கள் கட்சி ஆதரிக்கும் திட்டம் என்று தெரிந்ததும், உள்ளே இருப்பது எதுவானாலும் கட்சியின் பக்கம் போய்விட்டார்கள். தாராளத்தை விரும்ப வேண்டியவர்கள் கஞ்சத் திட்டத்தை ஆதரித்தார்கள், கஞ்சத்தை விரும்ப வேண்டியவர்கள் தாராளத்தை. கேட்டால், கட்சி எங்களை மாற்றவில்லை, திட்டத்தைப் படித்துத்தான் முடிவு செய்தோம் என்றார்கள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்கள்.

கேரளத்தில் இது சோதனைச்சாலைக்கு வெளியே நடந்திருக்கிறது. 1994 நவம்பர் 25 அன்று கூத்துப்பறம்பில், கல்வி வணிகமாவதை எதிர்த்து அமைச்சர் எம். வி. ராகவனுக்குக் கறுப்புக்கொடி காட்டப் போன மார்க்சிஸ்ட் கட்சி இளைஞர்கள் மேல் போலீஸ் சுட்டது. ஐந்து பேர் இறந்தார்கள். குண்டு பாய்ந்து உடல் செயலிழந்த புஷ்பன் முப்பது ஆண்டுகள் படுக்கையில் கிடந்து 2024 செப்டம்பரில் மறைந்தார். 2025 மார்ச்சில் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது இடது முன்னணி அரசு. காலம் மாறியிருக்கலாம், காரணங்கள் நியாயமானவையாக இருக்கலாம். அன்று எதிர்த்த தொண்டர்களில் எத்தனையோ பேர் இன்று அதே உறுதியோடு ஆதரித்துப் பேசினார்கள்.

மற்றவர்களும் விலக்கல்ல. எல்லா வயதுப் பெண்களையும் கோயிலுக்குள் அனுமதித்த 2018 செப்டம்பர் 28 சபரிமலைத் தீர்ப்பை காங்கிரஸின் தேசியத் தலைமை வரவேற்றது. கேரளக் காங்கிரஸார் பக்தர்கள் பக்கம் நின்று எதிர்த்தார்கள். பெண்கள் நுழைவுக்கு முதலில் ஆதரவாகப் பேசிய சங்கப் பரிவாரத் தலைவர்களும் பிறகு போராட்டத்தின் முன்வரிசைக்கு வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் தொண்டர்கள் கூடவே திரும்பினார்கள். கருத்து முதலில், கட்சி பிறகு என்று நாம் நினைப்பது பல நேரம் தலைகீழாகத்தான் நடக்கிறது.

சம்பந்தம் செய்யலாமா?

1960இல், மகனோ மகளோ மாற்றுக் கட்சிக் குடும்பத்தில் மணம் செய்தால் வருந்துவோம் என்ற அமெரிக்கர்கள் நூற்றில் ஐந்து பேர். 2010இல் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறையப் பாதி, ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர். ஸ்டான்ஃபோர்டின் சாந்தோ அய்யங்கார் இந்த எண்களை எடுத்துக்காட்டினார். கொள்கையில் உள்ள தூரத்தைவிட, எதிர்க்கட்சிக்காரர் மேலுள்ள வெறுப்பு வேகமாக வளர்கிறது என்கிறார் அவர்.

கண்ணூர் மாவட்டத்தில் ‘கட்சி கிராமம்’ என்றே சொல்லும் ஊர்கள் உண்டு. கொடிமரம், படிப்பகம், கூட்டுறவுச் சங்கம், கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் ஒரே கட்சி. அங்கே பிறந்தவனுக்கு மாற்றுக் கட்சிக்காரர் என்பவர் அடுத்த ஊர்க்காரர். கொச்சங்காடி போன்ற இடத்தில் அவர் அடுத்த வீட்டுக்காரர். இந்த வேறுபாடு விலைமதிப்பற்றது.

யார் வீட்டு வேட்பாளர்?

எர்ணாகுளம் மக்களவைத் தொகுதியில் லத்தீன் கத்தோலிக்கர் கணிசம். ஜார்ஜ் ஈடன், கே. வி. தாமஸ், ஹிபி ஈடன் என்று காங்கிரஸ் பல தேர்தல்களில் அச்சமுதாயத்தவரையே நிறுத்தியது. இடது முன்னணியும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தது. செபாஸ்டியன் பாலை நிறுத்தியபோது பலித்தது. 2024இல் கே. ஜே. ஷைனை நிறுத்தியபோது ஹிபி ஈடன் இரண்டரை லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

2022 திருக்காக்கரை இடைத்தேர்தல் இன்னும் தெளிவான பாடம். இடது முன்னணி, சீரோ மலபார் திருச்சபையைச் சேர்ந்த இதய மருத்துவர் ஜோ ஜோசப்பைக் களமிறக்கியது. திருச்சபையின் ஆதரவு கைவரும் என்பது கணிப்பு. காங்கிரசிலிருந்து விலக்கப்பட்ட கே. வி. தாமஸும் அவருக்காகப் பேசினார். ஆனால் அத்தொகுதியின் மறைந்த உறுப்பினர் பி. டி. தாமஸின் மனைவி உமா தாமஸ் 25,016 வாக்கு வித்தியாசத்தில் காங்கிரசுக்காக வென்றார். சமுதாயப் பெயரை ஒட்டினால் வாக்கு தானாக வந்துவிடாது. பல ஆண்டுகளாகக் கட்சியோடு பின்னிப் போன பற்றாக இருந்தால்தான் அது வாக்காகிறது.

படம் போட்டதால் போன பதவி

2004இல் மூவாட்டுப்புழா மக்களவைத் தொகுதியில் பி. சி. தாமஸ் 529 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பிரசாரத்தில் போப்பாண்டவர், அன்னை தெரசா படங்களைப் பயன்படுத்தி மதத்தின் பெயரால் வாக்குக் கேட்டார் என்று வழக்கு வந்தது. கேரள உயர் நீதிமன்றம் வெற்றியை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வாக்காளர் தம் மதத்தை நினைத்து வாக்களிக்கலாம், அது அவர் உரிமை. வேட்பாளர் அதைச் சொல்லிக் கேட்கக் கூடாது, அது சட்டம்.

அங்கேயும் இரட்டை இலை

தமிழ்நாட்டிலிருந்து கோட்டயம் பக்கம் போகிறவர்கள் சுவரில் இரட்டை இலையைப் பார்த்துத் திகைப்பார்கள். அது கேரளா காங்கிரஸ் (எம்) கட்சியின் சின்னம். மாநிலக் கட்சிகளுக்கான சின்னம் வெவ்வேறு மாநிலங்களில் ஒன்றாக இருக்கத் தடையில்லை. 1965 முதல் 2019இல் மறையும் வரை அதன் தலைவர் கே. எம். மாணி பாலா தொகுதியை ஒருமுறைகூட இழக்கவில்லை. அவருக்குப் பின் வந்த இடைத்தேர்தலில் உட்கட்சிச் சண்டையால் இரட்டை இலை கிடைக்காமல், கட்சி வேட்பாளர் அன்னாசிப்பழச் சின்னத்தில் நின்றார். அரை நூற்றாண்டுக் கோட்டை சுமார் 3,000 வாக்கில் விழுந்தது.

எல்லை நகர்ந்தது, ஆள் மாறினார்

2001, 2006 இரண்டிலும் மட்டாஞ்சேரி தொகுதி முஸ்லிம் லீக்கின் வி. கே. இப்ராகிம் குஞ்ஞுவைத் தேர்ந்தெடுத்தது. தொகுதி மறுசீரமைப்பில் மட்டாஞ்சேரி தொகுதியே மறைந்து, செல்லானம், கும்பளங்கி ஊராட்சிகளோடு சேர்ந்த கொச்சி தொகுதியானது. அதன்பின் 2011இல் காங்கிரஸின் டொமினிக் பிரசன்டேஷன். 2016, 2021இல் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ஜே. மாக்சி. 2016இல் வித்தியாசம் 1,086 வாக்கு. தெருவும் மனிதர்களும் அப்படியே இருக்க, வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்ததும் எந்தச் சமுதாயத்தின் வாக்கு கனமானது என்பதே மாறிப்போனது.

பெண்கள் விரட்டினார்கள்

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் போனஸ் குறைப்பை எதிர்த்துச் சாலையில் அமர்ந்தார்கள். ‘பொம்பிளை ஒருமை’ என்று பெயர். யூனியன் தலைவர்களை, எந்தக் கட்சியானாலும், பக்கத்தில் வராதீர்கள் என்று விரட்டினார்கள். கட்சிப் பற்று உடைந்துவிட்டது என்று நாடே பேசியது. அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். ராஜேந்திரன் மூன்றாவது முறையாக வென்றார். தமிழர் வாக்கை நம்பி நின்ற அதிமுக பின்தங்கியது. கோபம் ஒருநாள் எழும். கோபத்துக்கு ஒரு வீடு, வார்டு கமிட்டி, கூப்பிட்டால் வரும் ஆள் என்று அமைப்பு இல்லாவிட்டால் அது வாக்காக நிலைப்பதில்லை. அந்தப் பெண்களின் துணிவுக்குக் கிடைக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து.

நிறுவனம் கட்சியான ஊர்

எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தில் 2015இல் கிட்டெக்ஸ் நிறுவனத்தின் ‘ட்வென்டி20’ அமைப்பு 19 இடங்களில் 17ஐ வென்று ஊராட்சியைப் பிடித்தது. 2020இல் நான்கு ஊராட்சிகள். 2021 சட்டமன்றத் தேர்தலில் எட்டு இடங்களில் நின்றும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மலிவு விலை மளிகைக்கு உள்ளூரில் வாக்களித்தவர்கள், சட்டமன்றம் என்றதும் பழைய முன்னணிக்குத் திரும்பிப் போனார்கள்.

அங்கே ஒரு முகம், இங்கே ஒரு முகம்

2020இல் கார்னகி அறக்கட்டளை நடத்திய கருத்தாய்வில் இந்திய அமெரிக்க வாக்காளர்களில் 72 விழுக்காட்டினர் பைடனுக்கு வாக்களிப்போம் என்றார்கள். அமெரிக்கப் பிரச்சினைகளில் அவர்கள் தாராளவாதிகள். இந்தியாவைப் பற்றிக் கேட்டால் அதே ஆட்கள் பழமைப் பக்கம் சாய்ந்தார்கள். சிறுபான்மையாக வாழும் நாட்டில் ஒரு கருத்து, பெரும்பான்மையாகப் பிறந்த நாட்டைப் பற்றி இன்னொன்று. ஆள் ஒருவர்தான், நிற்கும் இடம்தான் வேறு.

பற்று முறிவதும் உண்டு

அடிமை முறையை ஒழித்த லிங்கனின் குடியரசுக் கட்சிதான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கட்சியாக இருந்தது. 1930களில் ரூஸ்வெல்ட் காலத்து நிவாரணத் திட்டங்கள் அவர்களை ஜனநாயகக் கட்சிக்கு இழுத்தன. 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பின் பத்தில் ஒன்பது பேர் அங்கே நிலைத்தார்கள். அதே சட்டத்தை வெறுத்த தென் மாநில வெள்ளையர்கள் ஜனநாயகக் கட்சியை மெல்ல மெல்ல விட்டார்கள். ஒரு தலைமுறைக்கும் மேல் ஆனது. 1960இல் கத்தோலிக்கரான கென்னடிக்கு ஐந்தில் நான்கு கத்தோலிக்கர்கள் வாக்களித்தார்கள். இன்று அமெரிக்கக் கத்தோலிக்கர் வாக்கு ஏறக்குறைய இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அன்று அவர்களை ஒதுக்கி வைத்த சமூகம் இப்போது ஒதுக்குவதில்லை. சேர்ந்து நிற்க வேண்டிய அவசரமும் குறைந்துவிட்டது.

விமானம் ஏறி வந்த வாக்கு

2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் பதிவான வெளிநாட்டு இந்திய வாக்காளர்கள் சுமார் 1.19 லட்சம். அவர்களில் 89,000க்கும் மேல் கேரளத்தில். நேரில் வந்துதான் வாக்களிக்க முடியும். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர், அதில் 2,670 பேர் கேரளத்துக்கு வந்தவர்கள். சொந்தக் காசைப் போட்டு, விடுப்பு எடுத்து, வளைகுடாவிலிருந்து வந்து நின்ற மனிதர்கள் இவர்கள். கட்சிப் பற்றைக் குறை சொல்லும்போது இந்த உழைப்பையும் மதிக்க வேண்டும்.

ஒரே ஒரு வாக்கு

2020 கொச்சி மாநகராட்சித் தேர்தலில் காங்கிரஸின் மேயர் வேட்பாளராகக் கருதப்பட்ட என். வேணுகோபால் ஐலண்ட் நார்த் வார்டில் பாஜகவிடம் ஒரு வாக்கில் தோற்றார். 74 இடங்களில் இடது முன்னணிக்கு 34, ஐக்கிய முன்னணிக்கு 31. லீக்கிலிருந்து விலகி நின்று வென்ற உறுப்பினர் ஒருவர் இடதுசாரிகளை ஆதரிக்க, மேயர் நாற்காலி எம். அனில்குமாருக்குப் போனது. ஆயிரமாயிரம் வீடுகளில் தலைமுறையாக மாறாத வாக்குகள் ஒருபுறம் கிடக்க, ஆட்சியை முடிவுசெய்தது தன் வழக்கத்திலிருந்து விலகிய ஒரு கை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், முதல் வாக்கு யாருக்குப் போட்டீர்கள், ஏன் என்று கேளுங்கள். யார் சொல்லிப் போட்டார்கள், பிறகு எப்போதாவது மாற்றினார்களா, மாற்றியபோது வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். கொச்சித் தமிழர்களின் இந்த நினைவுகள் எந்தத் தேர்தல் ஆணையத்தின் ஏட்டிலும் கிடைக்காது. எழுதியதை எங்களுக்கு அனுப்பினால் இதே பகுதியில் வெளியிடுவோம். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.